கயிறு அறுக்காத கூடை

பெனடிக்ட்டின் ஆட்டோ கடைசி வளைவில் ஏறும் சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை பேர் என்று புஸ்பராணி சொல்லிவிடுவாள். ஐந்து பேர் என்றால் வண்டி அழும். இரண்டு பேர் என்றால் முனகும். அன்றைக்கு முனகிக்கொண்டுதான் வந்தது.

"புஸ்பக்கா! புது மாப்புள பொண்ணு. காலி டவுன்ல இருந்து வந்திருக்காங்க. நல்லா சோடிச்சி விடுங்க."

"நீ மொதல்ல எறக்கி விடு தம்பி. சோடிக்கிறத நான் பாத்துக்கிறேன்."

"அருவி காட்டிட்டேன், ரயில் சொரங்கம் காட்டிட்டேன், தொரை பங்களா காட்டிட்டேன். அந்தப் பொண்ணு மொகத்துல ஒரு சிரிப்பு இல்ல. இங்கயாவது சிரிக்குதான்னு பாப்போம்."

"ஒன் வண்டியில குலுங்கிட்டு வந்தவளுக்கு எங்கடா சிரிப்பு வரும்? கொடல் வாயில வராம இருந்தாச் சரி."

மேகப்பாறைக்கு வருகிறவர்கள் காலையில் வந்துவிட வேண்டும். அப்போதுதான் கீழே தாழ்நாடும், கண்ணாடிச் சில்லுகள் மாதிரி குளங்களும், தூரத்தில் கோடு கிழித்தாற்போல் கடலும் தெரியும். நடுப்பகல் தாண்டினால் பள்ளத்திலிருந்து பனி எழும்பி வரும். வந்துவிட்டால் நீட்டிய கை தெரியாது. பாறைக்கு அடியிலிருந்து சரிவாக இறங்குவது ஏழாம் நம்பர் மலை. அதன் தேயிலை நிரைகள் நேராகப் போய் ஒரு விளிம்பில் நிற்கும். விளிம்புக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெறும் காற்றுதான்.

அந்தப் பாறையடியில் நாலு தகரம் போட்ட கொட்டகைதான் புஸ்பராணியின் கடை. சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, தலைத்துணி, பிரம்புக் கூடை. கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் வருகிற பெண்கள் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு, செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதே சரிவில் கொஞ்சம் தள்ளி, நிஜமாகவே கொழுந்து எடுக்கும் பெண்கள் சாயம் போன சட்டையும் ரப்பர் செருப்புமாக, முதுகில் பிளாஸ்டிக் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

புஸ்பராணியும் தோட்டத்து வேலைக்குப் பெயர் பதிந்த காலத்திலிருந்து அந்த மலையில் நின்றவள்தான். போன மழைக்காலத்தில் குளவி கொட்டியதோடு மலை வேலையை விட்டாள். அவளுக்கு ஒரே மகள், நிரோஷினி. பிறந்த அன்றைக்கே லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவ தலையில கயிறு ஏறாது." சொன்னபடியே வளர்த்தாள். விளையாட்டுக்குக்கூட மகளைக் கூடை தூக்க விட்டதில்லை. வருகிற திங்கட்கிழமை நிரோஷினி பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் உட்காரப் போகிறாள். அதற்குக் காலில் போட கறுப்புச் சப்பாத்து வாங்கி, பெட்டிக்குள்ளேயே வைத்து, தினம் ஒரு தரம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா.

அன்றைக்கு விடுமுறை. குருணாகலையிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பெண்கள் இருந்த கூடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு பாறையின் மறுபக்கம் போயிருந்தார்கள். புதுப்பெண் தில்ஹானி சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்கும் புருசன் கசுனுக்கும் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. புஸ்பராணிதான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சமாளித்தாள்.

"கூடை இல்லாம எப்படி அக்கா? கூடை இல்லன்னா நான் யாரோ கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்கேன்."

"கொஞ்சம் பொறுங்க நோனா. அந்தப் புள்ளைங்க வந்துருவாங்க."

"பனி வந்துரும்க்கா" என்றான் பெனடிக்ட். "அப்புறம் வெள்ளச் செவத்துக்கு முன்னாடி நிக்கிற மாதிரிதான் படம் வரும்."

நிரோஷினி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "உள்ள ஒன்னு தொங்குதேம்மா."

"அது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

அது சந்தனத்தின் கூடை.

சந்தனம் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மலையிலும் பக்கத்து நிரைக்காரி. குளவி கலைந்த அன்று மற்றவர்கள் படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு கீழே படுத்துவிட்டார்கள். சந்தனம் நிரையின் கடைசியில், விளிம்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவளைத் தூக்கிவந்தபோது முகம் இன்னாருடையது என்று சொல்லும்படி இல்லை.

மலை வேலையில் செத்தவளுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவள் கூடையின் கயிற்றை அறுத்து, அவள் நிரையின் கடைசிச் செடிமேல் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். வேலை முடிந்தது, இனி சுமக்க வேண்டாம் என்று அவளுக்குச் சொல்வது அது. கூடை அங்கேயே மழையில் மக்கிப் போகும். சந்தனத்தின் கூடையை எடுத்துப் போனவள் புஸ்பராணிதான். எடுத்தவள் கவிழ்க்கவில்லை. புத்தம் புதுக்கூடை, பிரம்பு வாசம்கூட இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் இப்படி எங்கே கிடைக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகைக்குள் மாட்டியவள், அப்படியே விட்டுவிட்டாள்.

"இருக்கிறத வச்சிக்கிட்டு என்னக்கா பிகு பண்றீங்க?" பெனடிக்ட் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பொண்ணு அழுதுரும் போல இருக்கு."

தில்ஹானியின் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. புஸ்பராணி உள்ளே போய்க் கூடையை எடுத்துத் தூசி தட்டினாள். ஒரு படம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

கயிறு தலையில் ஏறியதும் தில்ஹானி முதல் தடவையாகச் சிரித்தாள்.

பட்டணத்துப் பெண்கள் கொழுந்து எடுப்பதைப் பார்த்தால் பேன் பார்ப்பது போல் இருக்கும். நுனிவிரலால் ஒவ்வோர் இலையாகப் பிடித்து இழுப்பார்கள். தில்ஹானியும் அப்படித்தான் தொடங்கினாள். கசுன் உட்கார்ந்தும் சாய்ந்தும் படமாக எடுத்துத் தள்ளினான்.

"போதும், வா" என்றான்.

அவள் வரவில்லை.

"மாசச் சம்பளம் வாங்காம மேல ஏற மாட்டா போல" என்று பெனடிக்ட் சிரித்தான்.

"அம்மா, அந்த நோனா நல்லாத்தான் எடுக்குறா, பாரேன்" என்றாள் நிரோஷினி.

புஸ்பராணி பார்த்தாள்.

இரண்டு கையும் ஒரே நேரத்தில் செடிமேல் ஓடின. டிக், டிக், டிக் என்று காம்பு முறியும் சத்தம். பெண்ணின் கண் செடியில் இல்லை. எங்கோ எதிரே இருந்தது. கைப்பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக வீசினாள். ஓர் இலைகூடச் சிந்தாமல் கூடைக்குள் விழுந்தது. பத்து வருசமாவது மலையில் நின்றால்தான் அந்த வீச்சு வரும்.

அவள் பல்லிடுக்கில் ஒரு தேயிலைக் காம்பு இருந்தது. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தனம் அப்படித்தான் காம்பு கடிப்பாள். "வெத்தல வாங்கக் காசில்லாதவ கடிக்கிற வெத்தலடி இது" என்பாள்.

புஸ்பராணி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"நோனா! மேல வாங்க! போதும்!"

அதே நேரத்தில் பள்ளத்திலிருந்து பனி வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு மூச்சுக்கு முன்னால் சிவப்புச் சேலை இருந்தது. அடுத்த மூச்சுக்கு இல்லை. செடி, பாறை, ஆட்டோ எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. உச்சிவெயில் நேரம், ஆனால் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"தில்ஹானி!" என்று கசுன் கத்தினான்.

பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம்தான் வந்தது.

டிக். டிக். டிக்.

சத்தம் மேலே வரவில்லை. கீழே, விளிம்புப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த ஐயா கையப் பிடிச்சுக்க. எனக்குப் பின்னாடியே வாங்க. நெரைய விட்டு வெலகக் கூடாது" என்றாள் புஸ்பராணி. அந்த மலை அவள் பாதத்துக்குத் தெரியும். நிரோஷினி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஈரப்பாசியின் வாசம் அடித்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு வாசம் மெல்லக் கிளம்பியது. பிரம்பும் வியர்வையும் கலந்த வாசம்.

பிறகு அந்த ரீங்காரம்.

"அம்மா... குளவியா?"

"பனியில குளவி பறக்காதுடி. பேசாம வா."

பறக்காதுதான். ஆனால் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

கடைசிச் செடிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் வெறும் காற்று. விரல்களெல்லாம் கிழிந்து இரத்தம். கூடை விளிம்புவரை ததும்பிக்கொண்டிருந்தது. அப்படியும் கை நிற்கவில்லை. புஸ்பராணி கிட்டப் போனதும் தலையை மட்டும் திருப்பினாள்.

"மணி அடிச்சிருச்சா புஸ்பா?"

தமிழில் கேட்டாள். லயத்துத் தமிழ்.

பின்னால் பெனடிக்ட் "இயேசுவே" என்றான்.

புஸ்பராணி மெதுவாகக் கையை நீட்டினாள். "அடிச்சிருச்சு சந்தனம். வா, போவோம்."

"எப்பிடிடி வர்றது? கூட இன்னும் நெறையலயே."

புஸ்பராணி பாய்ந்து கயிற்றைத் தலையிலிருந்து உருவினாள். பெண் துணிமூட்டை மாதிரி அவள் மேலேயே சரிந்தாள். கண்ணை மூடி மூடித் திறந்துவிட்டு, "என் செருப்பு எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டாள். அவள் கழுத்தைச் சுற்றிக் குளவி கொட்டிய தடிப்புகள் புதிதாக வீங்கியிருந்தன.

பெனடிக்ட்டும் கசுனுமாக அவளை ஆட்டோவுக்குத் தூக்கினார்கள். பனி அதற்குள் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"நீங்களும் ஏறுங்கக்கா. ஆசுபத்திரிக்குப் போயிட்டு அப்புறம் பேசுவோம்."

"நீ போ தம்பி. எனக்கு இங்க ஒரு வேலை கெடக்கு. இவளைக் கூட்டிக்கிட்டுப் போ. ஏறு புள்ள."

"நான் ஏற மாட்டேன்" என்றாள் நிரோஷினி. "ஒன்னை இங்க தனியா விட்டுட்டா?"

"சொன்னாக் கேளுடி."

"நீ மட்டும் கேட்டியா? வேணாம் வேணாம்னு சொல்லிட்டு நீயே எடுத்துக் குடுத்தே."

ஆட்டோவின் சத்தம் வளைவுகளில் தேய்ந்து போயிற்று. புஸ்பராணி கொட்டகையிலிருந்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, மகள் பின்தொடர, மறுபடியும் நிரை வழியாக இறங்கினாள். கூடை விட்ட இடத்தில், விட்டபடியே நின்றது.

"கயித்த அறுத்துக் கவுத்துட்டா முடிஞ்சிரும்" என்றாள். மகளுக்குச் சொன்னாளோ தனக்கே சொல்லிக்கொண்டாளோ.

"அப்ப கவுத்துடும்மா."

"கொழுந்தோட எப்பிடிக் கவுக்கிறது?"

"கீழ கொட்டு."

கூடையைச் சாய்க்கப் போன கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எடுத்த கொழுந்தைத் தரையில் கொட்டுவதா? மண் பட்ட கொழுந்தைக் காட்டிக் கங்காணி அரைப்பேர் போட்டு அரை நாள் கூலியைப் பிடித்ததெல்லாம் அந்தக் கைக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக வழுக்கி விழுந்தபோதுகூடக் கூடையைத்தான் நிமிர்த்திப் பிடித்தவள். புத்தி கொட்டு என்றது. கை கேட்கவில்லை.

"கொழுந்தக் கீழ கொட்டக் கூடாதுடி. ஒன் சால்வைய விரி."

நிரோஷினி தோளில் கிடந்த சால்வையை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினாள். புஸ்பராணி கூடையைச் சாய்த்தாள். கொழுந்து சரசரவென்று மகளின் மடியில் இறங்கியது. அத்தனை குளிரிலும் அது சூடாக இருந்தது.

கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. கூடையைக் கடைசிச் செடிமேல் கவிழ்த்தாள். அந்தக் கணமே ரீங்காரம் நின்றது. எங்கேயோ ஒரு குருவி கத்தியது. அவ்வளவு நேரமும் குருவிச் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சு சாமி. வா, சூடா ஒரு சாயத்தண்ணி குடிச்சிட்டுக் கடையைக் கட்டுவோம்."

புஸ்பராணி முன்னால் நடந்தாள். தோளிலிருந்து என்னவோ இறங்கின மாதிரி இருந்தது.

"பாரமா இருக்கும்மா" என்றாள் நிரோஷினி பின்னாலிருந்து.

"நாலு பிடி கொழுந்துக்கு என்னடி பாரம்? முடிச்சுப் போட்டு முதுகுல போட்டுக்க."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அம்மா."

"ம்."

"இது நெறையவே இல்லம்மா."

புஸ்பராணியின் கால் நின்றது. திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டிக்.

டிக். டிக்.

திரும்பினாள். பாதையில் சால்வை கிடந்தது. அதில் ஓர் இலைகூட இல்லை. நிரோஷினி நிரைக்குள் நின்றாள். பிறந்ததிலிருந்து ஒரு கிள்ளுக் கிள்ளியறியாத கைகள் இரண்டும் செடிமேல் ஓடிக்கொண்டிருந்தன. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசினாள். அவள் முதுகில் கூடை இல்லை. ஒன்றுமே இல்லை.

வீசிய கொழுந்து தரையில் விழவில்லை.

"நிரோ... எந்தங்கம்... வாடி போவோம்."

"இருடி புஸ்பா" என்றாள் மகள்.

சுமையை இறக்கிவிட்டுத்தான் கயிற்றை அறுக்க வேண்டும். புஸ்பராணி இறக்கினாள். யார் கையில் இறக்கினாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

காலிக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாளே பெண் எழுந்து உட்கார்ந்து நூடுல்ஸ் கேட்டாளாம். பெனடிக்ட் வந்து சொன்னான். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மகளுக்காகப் புஸ்பராணி முனியாண்டி கோயிலில் போய் விழுந்தாள். பெனடிக்ட் பாதரை அழைத்துவந்தான். ஆசுபத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுத் தூங்கிய நாளிலும் நிரோஷினியின் விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தன. அறையைப் பூட்டினால் சுவரைக் கிள்ளினாள். நகம் போன பிறகும் கிள்ளினாள். கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கவிழ்த்த கூடையை எடுத்துவந்து எரித்தும் பார்த்தாயிற்று. சாம்பலும் பிரம்பு வாசம் அடித்தது, அவ்வளவுதான்.

ஹோட்டலிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை.

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு மணிக்கு நிரோஷினி அவளாகவே எழுந்து ஏழாம் நம்பருக்குப் போவாள். வெளிச்சம் போனால் அவளாகவே வருவாள். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தால் மெல்லுவாள். அபூர்வமாகச் சில சாயங்காலங்களில் மட்டும் அவள் கண் அவள் கண்ணாகவே இருக்கும்.

"அம்மா, திங்கட்கிழமை வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சாமி. தூங்கு."

மேகப்பாறைக்கு வருகிறவர்களுக்கு அவளை மிகவும் பிடித்துப் போயிற்று. என்ன அழகு, என்ன வேகம் என்று சுற்றி நின்று படம் எடுத்தார்கள். பெனடிக்ட் இப்போது அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதில்லை; அருவியோடு திருப்பிவிடுகிறான். ஒரு நாள் மட்டும் கடைக்கு வந்தான்.

"எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயிருங்கக்கா. தேயில இல்லாத ஊருக்கு."

"கூட்டிக்கிட்டுப் போனேன் தம்பி. வெல்லவாயயில தங்கச்சி வீட்டுக்கு. அங்க அவ காத்துல எடுக்குறா."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வளைவில் இறங்கிப் போய்விட்டான்.

நேற்று போயா நாள், பௌர்ணமி விடுமுறை. மலை வேலை கிடையாது. வாசலில் வெயில் அடித்தது. நிரோஷினி முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கை ஓய்ந்திருந்தது. புஸ்பராணி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் வைத்துத் தலை சீவத் தொடங்கினாள். சின்ன வயதில் சீவினது போலவே, வகிடு எடுத்து, மெதுவாக.

"நோவுதா?"

"இல்லம்மா."

குரல் மகளுடையதுதான். புஸ்பராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. முடியை ஒதுக்கி உச்சிக்கு எண்ணெய் தேய்த்தாள்.

விரல் ஓரிடத்தில் இறங்கியது.

உச்சந்தலைக்குக் குறுக்கே, இந்தக் காதுப் பக்கத்திலிருந்து அந்தக் காதுப் பக்கம்வரை, மண்டையோட்டிலேயே ஒரு பள்ளம். அந்த இடத்தில் முடி தேய்ந்து தோல் மரத்திருந்தது. ஆயுசு முழுக்கக் கூடை சுமந்த தலையில்தான் அது விழும். புஸ்பராணியின் தலையிலும் இருக்கிறது. ஆனால் இவ்வளவு ஆழம் இல்லை.

மகளின் முதுகுக்குப் பின்னால் அவளைத் தவிர யாரும் இல்லை. காற்றுகூட இல்லை.

அவள் விரலுக்கடியில், அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. யாரோ ஒரு பிடி கொழுந்து போட்டது போல.